மற்றவை

காலை ஒன்பது பத்துக்கு ஆய்வகத்திலிருந்து
ஒரு வரி வந்தது.
நோலீன் ப்ரூவிட், பெண், 58, ராக்ஹாம்ப்டன்.
க்யூ காய்ச்சல். இரண்டாம் ரத்தத்தில் நான்கு மடங்கு.
சட்டப்படி இனி அவள் என் பொறுப்பு.

க்யூ என்றால் வரிசை இல்லை.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
ரேஷன் கடை ஞாபகத்தில் நானும் சிரித்திருக்கிறேன்.
இன்னதென்று தெரியாத காலத்தில் வைத்தியர்கள்
கேள்வி என்கிற தங்கள் சொல்லின்
முதலெழுத்தை அதற்கு வைத்தார்கள்.
தெரிந்த பிறகும் எடுக்கவில்லை.

என்னிடம் பதினோரு பக்கம் கேள்விகள்.

மாட்டைத் தொட்டீர்களா? இல்லை.
ஆடு? இல்லை.
கன்று ஈனும்போது அருகில் நின்றீர்களா?
நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தீர்களா?
என் மொழியில் அதன் பெயரிலேயே நஞ்சு இருக்கிறது,
படிவம் எழுதியவருக்கு அது தெரிய வழியில்லை.
கங்காரு மேய்ந்த புல்லை வெட்டினீர்களா?
"புல்லா? இந்த வருஷமா?" என்று சிரித்து
இருமினாள்.

தொழில்?
"ஒன்றுமில்லை, வீடுதான்."
ஒன்றுமில்லை என்றே ஒரு கட்டம் இருந்தது.
டிக் போட்டேன்.

கணவன் இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடம்.
அவனுக்கு ஆலை ஊசி போட்டிருக்கிறது:
தோலில் சோதித்து, ஏழாம் நாள் பார்த்து,
பிறகு ஊசி, பிறகு பெயர் போட்ட அட்டை.
அட்டையின் ஆட்சி ஆலை கேட்டோடு சரி.

"சலவைக்காரர்களோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம்,
பிப்ரவரியிலிருந்து உடுப்பெல்லாம் வீட்டுக்கு வருகிறது.
பின்வாசலில் நின்று நன்றாக உதறிவிட்டுத்தான் போடுவேன்,
இல்லாவிட்டால் மிஷின் அடைத்துக்கொள்ளும்."

நான் அப்போது பால் பற்றிய பக்கத்தில் இருந்தேன்.
காய்ச்சாமல் குடித்தீர்களா என்று கேட்டேன்.

கால் மணி நேரம் போயிருக்கும்.
முதலில் உடம்புக்கு என்ன செய்தது?
"உதறல்தான். ஜூரம் அப்புறம் வந்தது.
இரவில் மூன்று முறை படுக்கை விரிப்பை மாற்றினேன்."

அவள் சொன்னவை இரண்டு வேறு சொற்கள்.
ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அவள் மொழியில்
உறவே கிடையாது.
என் காதில் மட்டும் இரண்டும்
ஒரே சொல்லாக விழுந்தன.
ஆறு பக்கம் பின்னால் திருப்பினேன்.

பிப்ரவரி என்றீர்களே, அந்த உடுப்பு.
ஈரமாக வருமா, காய்ந்தா?
காற்று எந்தப் பக்கம்?
முகத்துக்கு எவ்வளவு கிட்டே?

மற்றவை, குறிப்பிடுக.
நாற்பது எழுத்துக்கு இடம்.
கணவனின் வேலை உடுப்பு, பின்வாசல், உத
அதற்குமேல் பெட்டி ஏற்கவில்லை.

மாதக் கடைசியில் பிரிஸ்பேனிலிருந்து அட்டவணை.
பண்ணை ஏழு, இறைச்சித் தொழில் நான்கு,
கால்நடை மருத்துவம் ஒன்று,
தெரியவில்லை ஒன்று.
அந்த ஒன்று நோலீன்.
எழுத்தாக இருப்பதைக் கூட்ட முடியாது என்றார்கள்,
மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஆலைக்குத் தனியாக ஒரு கடிதம் போயிற்று.
பதில் வரவில்லை.
மே நடுவில் சலவை வண்டி
மறுபடி ஓடத் தொடங்கியது என்று கேள்விப்பட்டேன்.

ஜூலையில், எந்த விதியும் கேட்காத ஒரு நாள்,
அவளை அழைத்தேன்.
மாத்திரை முடிந்துவிட்டது. களைப்பு முடியவில்லை.
நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறதாம்.
பிறகு கேட்டாள்:
"நான் துவைத்தது தப்பா?"

பதினோரு பக்கத்தில்
நோயாளி கேட்பதற்கென்று ஒரு வரியும் இல்லை.
இல்லை என்றேன்.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல்,
பவுடர் எவ்வளவு என்று கேட்டது.
"அரை மூடி," என்றாள் அந்தப் பக்கம் திரும்பி,
"உதறாதே, அப்படியே போடு."

மிஷினுக்குள் தண்ணீர் விழும் சத்தம்.