அரைப் பக்கம்

இருபத்தேழு ஆண்டு
அவர் பேசப் பேச
சுருக்கெழுத்தில் பின்னாலேயே ஓடியிருக்கிறேன்.
தோழர் அமலநாதன், முதலியார்பேட்டை.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொல்.
பஞ்சப்படி என்று தொடங்கிவிட்டால் நூற்று அறுபது.

"உட்காருங்கள்" என்று சபாநாயகர் சொன்னது
என் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டும்.
உட்கார்ந்ததாக எழுதிய ஞாபகம் இல்லை.

ஒருமுறை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
அந்த ஐந்து வருஷமும்
பார்வையாளர் மாடத்தில் வந்து அமர்வார்.
உதடு மட்டும் அசையும்.
என் பென்சில் பழக்கதோஷத்தில்
அந்தப் பக்கம் திரும்பும்.

பிறகு கூட்டணி. பதினோரு மாதம் மந்திரி.
அரசு வண்டியின் பின்னிருக்கையில்
சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டவர் போல
ஒருபக்கமாகவே உட்கார்ந்து போனார்
கடற்கரைச் சாலையில்.

மில்லை மூடும் கோப்பு
அவர் மேசைக்குத்தான் வந்தது.
எதிர்வரிசை எழுந்து கேட்டது:
"கையெழுத்து யாருடையது, தோழரே?"

எழுந்தார்.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
வெளியே பூங்காவில்
பலூன்காரன் கீச்சென்று ஊதினான், நிறுத்தினான்,
மறுபடி ஊதினான்.
நான்கு நிமிடம்.
சுருக்கெழுத்தில் அதற்குக் குறி கிடையாது.
"என்னுடையது."
உட்கார்ந்தார், யாரும் சொல்லாமலே.

சனிக்கிழமை பழைய சைக்கிளில் வந்து
அச்சுப்படி கேட்டார். எப்போதும்
காற்புள்ளிக்குக்கூடச் சண்டை போடுகிறவர்
ஒன்றும் திருத்தவில்லை.
"நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே" என்றார்.
அச்சகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

நூலகத் தொகுதியில்
கேள்வியை ஒட்டியே பதில் இருக்கிறது,
கேட்டதும் சொல்லிவிட்ட மாதிரி.

என் நோட்டில்
அரைப் பக்கம் வெள்ளை.