சாவடி ஜன்னல்

திருநீற்றுப் புதன் கழிந்த சனிக்கிழமை
கொழிஞ்சாம்பாறைக் கோயிலில் காலைப் பூசை.
நற்செய்தியில் லேவி வந்தான்.
சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தான்,
கூப்பிட்டதும் எழுந்தான்,
எல்லாவற்றையும் விட்டான், போனான்.
ரெண்டு வரியில் முடிந்துவிட்டது அவன் கதை.
சாமியார் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்த மாதிரி இருந்தது.

எட்டரைக்கு வேலந்தாவளம் சாவடியில் டியூட்டி.
நானும் உட்கார்ந்தேன்.
ஒரு சாண் அகல ஜன்னல்.
அதற்கு அந்தப் பக்கம் முகம் கிடையாது,
பொள்ளாச்சித் தேங்காய், நாமக்கல் முட்டை,
கிணத்துக்கடவுத் தக்காளி.
இந்தப் பக்கம் நானும் கிடையாது,
கை மட்டும்.
ஜெபப் புத்தகத்துக்குள் புனிதர் படம் இருப்பதுபோல
பெர்மிட்டுக்குள் நூறு ரூபாய் மடிந்து வரும்.
வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை.
பாவசங்கீர்த்தனத்தில்
அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவக்காலம் முழுக்கக் கறி தொடவில்லை.
டீயில் சர்க்கரை இல்லை.
வெள்ளிதோறும் சிலுவைப்பாதை,
பதினாலு ஸ்தலத்திலும் முட்டி போட்டேன்.
ஞாயிறுகள் வந்தன.
கிணற்றடிப் பெண் குடத்தை மறந்து ஊருக்குள் ஓடினாள்.
பிறவிக் குருடன்
சேறு வழியும் முகத்தோடு
குளத்துக்கு வழி விசாரித்துப் போனான்.
கல்லறையைத் திறக்கச் சொன்னபோது
நாலு நாள் ஆச்சே, நாறுமே என்றாள் மார்த்தா,
கூடப் பிறந்தவன் என்றும் பாராமல்.
மார்த்தாவை எனக்குப் பிடிக்கும்.
நாறுவதை நாறுது என்று சொல்ல
வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும்.

பெரிய வெள்ளி, ராத்திரி டியூட்டி.
பதினொன்றே முக்காலுக்கு
பெர்மிட் இல்லாத ஒரு ஆம்னி வேன்.
ஜன்னலுக்குள் காகிதம் நீண்டது.
கோயமுத்தூர் ஆஸ்பத்திரிச் சீட்டு.
துளசிமணி, வயது முப்பத்தொன்பது,
க/பெ ஆறுச்சாமி, எருத்தேம்பதி.
இறந்த நேரம் மாலை மூணு பத்து.
ரிஜிஸ்டரில் ஏற்றினேன்.
சீட்டின் கடைசி மடிப்பில்
நூறு ரூபாய்.

அந்த மனுஷனுக்கு வழியில் யாரோ சொல்லியிருப்பார்கள்,
அங்கே இப்படித்தான் குடுக்கணும் என்று.
கை எடுத்துக்கொண்டது.
பொய் சொல்லவில்லை,
எனக்கு முன்னால் கை எடுத்துக்கொண்டது.
கம்பி தூக்கியது. வேன் போனது.
பின்கண்ணாடியில் ஐஸ்பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு
வளைவு வரைக்கும் தெரிந்தது.

மறுநாள் பாஸ்கா இரவு.
மெழுகுதிரி அதே கையில்.
கல் புரண்டது, வானதூதர் அதன்மேல் உட்கார்ந்தார்
என்று வாசித்தார்கள்.
உட்கார்ந்தார் என்பது மட்டும் எனக்குக் கேட்டது.
அல்லேலூயாவுக்கு வாய் அசைந்தது.
கட்டைவிரலில் மெழுகு சொட்டியது.
நகமில்லாத விரல் அது.
ஒரு மழைநாளில் தடுப்புக் கம்பி நழுவி விழுந்து
நசுங்கியது.

அடுத்த ஞாயிறு, தோமாவின் ஞாயிறு,
பூசைக்குப் போகாமல்
எருத்தேம்பதிக்குப் பஸ் ஏறினேன்.
பையில் நானூறு. சக்கேயு கணக்கு.
உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறுச்சாமி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.
"யாருங்க?"
என் முகம் அவருக்குத் தெரியவில்லை.
எப்படித் தெரியும்.
பணத்தை நீட்டினேன்.
அவர் பணத்தைப் பார்க்கவில்லை,
விரலைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
வாளி நிரம்பிக் காலடியில் வழிந்தது.

ஒரு நோட்டை மட்டும் உருவிக்கொண்டார்.
"இது எம்பட காசு.
மத்ததெல்லாம் வேற ஆளுகளுதுங்க,
தேடிப் பாத்துக் குடுத்துருங்க."

பிறகு குழாயை மூடினார்.
துண்டில் கையைத் துடைத்தார்.
இன்னும் கிட்ட வந்து கேட்டார்:
"வெரலுக்கு என்னங்க ஆச்சு?"

மாடு தலை நிமிர்ந்து பார்த்தது.
முந்நூறு ரூபாயோடு
நீட்டியபடியே நின்றது கை.