உள்ளே வந்து படித்துவிட்டுப் போ

சிலந்தி என்கிறார்கள் அதை.
இந்த வலையில் ஓர் இழைகூட அது பின்னியதில்லை.
யாரோ யாரையோ கைகாட்டிய இடமெல்லாம் இழை.
காட்டிய திசையில் போகும், அவ்வளவுதான்.

தாராவியில் வீடு தேடுவதும் அப்படித்தான்.
கிராஸ் ரோட்டில் இறங்கிப் பெட்டிக்கடையில் கேட்டால்
சூட்கேஸ் பட்டறையைக் காட்டுவார்கள்,
பட்டறையில் கேட்டால் குழாயடியை,
குழாயடியில் கேட்டால்
'அந்தா, மேல, இரும்பு ஏணி.'
ஏணிக்கு மேலே நான்.
வாடகை சர்வரில் பதினேழு கடைகளும் ஒரு சங்கமும்
என் பொறுப்பு.
யாரும் கைகாட்டாத பக்கம்
விளக்கெரிந்தாலும் இருட்டு வீடு.

செண்பகவல்லி ஏணியேறி வந்தது ஜூன் கடைசி.
குடையை வெளியே கவிழ்த்துவிட்டு
போனை நீட்டினாள்.
அவள் பெயரைத் தேடினால் முதல் வரி:
'வயது 24. ஐந்தடி இரண்டு. கோதுமை நிறம்.
தகப்பனாருக்குச் சொந்தப் பட்டறை. சுத்த ஜாதகம்.'
சங்கத்து வரன் பட்டியல், எண் 212.
ஒன்பது வருடத்துக்கு முன்
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
நான் தட்டச்சு செய்தது.

"சயான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிறேன்.
ஊசி கையில இருக்கிறப்பவே ஒரு பையன் கேக்கிறான்,
இன்னும் அமையலையாக்கான்னு.
நான் தேடறத நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு."

பக்கத்தை அழிக்கக் கூடாது என்றார் செயலாளர்.
வரிசை எண் கெட்டுவிடுமாம்.

வாசலில் அறிவிப்பு வைத்தேன்:
வரன் பக்கங்களுக்குள் வராதே.
நாகரிகம் தெரிந்தது அது.
அறிவிப்பைப் படிக்காமல் காலெடுத்து வைக்காது.
படித்தது. திரும்பிப் போனது.
லாக்கில் ஒரே வரி. நான் தூங்கிவிட்டேன்.

ஜூலையில் மறுபடி ஏணி அதிர்ந்தது.
விவரம் போயிருந்தது, பெயர் போகவில்லை.
வேறு நாலு பக்கங்கள்
இன்னும் அவளைக் கைகாட்டிக்கொண்டிருந்தன.
பெயருக்குக் கீழே:
'இந்தப் பக்கம் பற்றிய தகவல் இல்லை.'
"இதுக்கு அதுவே தேவலை," என்றாள்.
"என்னத்தையோ மறைக்கிறேன்னு ஆயிடுச்சு."

ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன்.
கொண்டுபோன பக்கத்தை
அது சொல்சொல்லாய் உதிர்க்கிறது.
'கோதுமை' ஒரு டப்பாவில்;
ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே
இவள் விலாசம்.
'சுத்தம்' இன்னொன்றில், பினாயில் விற்பவனோடு.
'செண்பகவல்லி' தனி டப்பா.
கேட்பவருக்காக அது திறப்பது டப்பாவை,
உலகத்தையல்ல.

டப்பாவிலிருந்து என்னை எடு என்று
அதனிடம் சொல்ல வேண்டிய இடம்
பக்கத்தின் தலைமாட்டில், உள்ளே.
எழுதித்தான் வைத்திருந்தேன், முதல் நாளே:
சாத்திய கதவின் உள்பக்கம்
'மறந்துவிடு' என்று.

மறக்கப்பட வேண்டுமானால்
ஒருதரம் முழுசாய்ப் படிக்கவிட வேண்டும்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
சொன்னேன்.
தகரத்தில் விழுகிற மழையைக்
கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்.
"வரட்டும். எப்ப வரும்?"
பெரிய பத்திரிகைக்கு நிமிஷத்துக்கு ஒருதரம்.
நம்முடையதுக்கு, அது நினைத்தால்.

பதினோராம் நாள் விடியற்காலை 3.41.
வாசல் அறிவிப்பு: தடையில்லை.
212.
வயது, உயரம், நிறம், பட்டறை, ஜாதகம், மறந்துவிடு,
எல்லாம் அரை நொடிக்குள்.
லாக்கில் 200. சரி என்று அர்த்தம்.

இப்போது அந்தப் பெயரைத் தேடினால்
கோவில்பட்டி அம்மன் வருகிறாள்,
கோபுரமும் நடை திறக்கும் நேரமுமாக.
"இவ வரட்டும்," என்று சிரித்தாள் செண்பகவல்லி.
"இவளுக்குத்தான் வருஷா வருஷம் கல்யாணம் நடக்குதே."

அது இன்னும் வருகிறது.
முதலில் வாரத்துக்கு ஒருமுறை,
பிறகு மாதத்துக்கு,
தீபாவளிக்கப்புறம் ஒரே ஒரு தடவை.
212ஐத் திறந்து,
இன்னும் மறந்துதான் இருக்க வேண்டுமா என்று
பார்த்துவிட்டுப் போகிறது.