மூன்றாம் சிலிண்டர்

ஒன்று வந்தது.
இரண்டாவது கொஞ்சம் முறைத்துவிட்டு வந்தது.
நாலாவது, தொட்டவுடன், பால்பல்லுப் போல.
மூன்றாவது இன்ஜெக்டர் மட்டும்
என்னைத் தெரியாத மாதிரி இருந்தது.

ஒட்டுசுட்டான் சந்தி தாண்டிக் கிறவல் றோட்டுக் கரையில்
எட்டுத் தகரம், ஒரு குண்டு பல்ப்,
ஒன்றுக்கொன்று உறவில்லாத ஸ்பனர்கள்:
இதுதான் கராஜ்.
பின்னேரம் தள்ளிக்கொண்டு வந்தார்கள்
கூரையில் இரண்டு புனல் ஸ்பீக்கர் கட்டிய
டீசல் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை.
இருமல். வெள்ளைப் புகை. பிறகு அதுவும் இல்லை.

அறிவித்தல்காரன் சொர்ணலிங்கம் சொன்னான்:
"அக்கா, விடிய ஆறு மணிக்கு மரண அறிவித்தல்.
கற்சிலைமடு, கூழாமுறிப்பு, முத்தையன்கட்டு,
ஒரு ஒழுங்கை விடாமல் போகவேணும்."
"ஆர் செத்தது?"
"இந்தக் காரின்ர பழைய சொந்தக்காரன்."

நட்டு இரண்டும் எப்பவோ கழற்றியாச்சு.
பிடித்து வைத்திருந்தது நட்டில்லை, கரி.
எண்ணெய் விட்டேன். தட்டினேன்.
காது வைத்துக் கேட்டேன். திரும்பவும் விட்டேன்.
அவன் அலவாங்கோடு வந்தான்.
"நெம்பினால் தலை வெடிக்கும்.
வெடித்த தலைக்கு யாழ்ப்பாணத்திலும் மருந்தில்லை.
அங்கால வை."

பத்து மணிக்குப் பிளேன்ரீ.
சீனியை நக்கிக்கொண்டு தத்துவம் சொன்னான்:
"மண்ணெண்ணெயில தேங்காயெண்ணெய் கலந்து
அந்த மனிசன் ஓடின காலத்துக் கரி அக்கா இது.
கடைசியாய்ப் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்."
கரிக்குத் திகதி இல்லை, தம்பி.
போன மாசம் நீ மலிவுக்கு ஊற்றிய டீசலும்
இதே கறுப்புத்தான்.

வெளியே இழுக்க முடியாததை
உள்ளேயிருந்து தள்ளலாம்.
நட்டுகளை நுனியில் இரண்டு புரி மட்டும் ஏற்றினேன்,
பாய்ந்து முகத்தில் அடிக்காமல் இருக்க.
டீசல் போகாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்துக் கட்டினேன்.
"விலகி நின்று திறப்பைத் திருப்பு."

காரின் பற்றரி இரண்டு சுற்றில் படுத்துவிட்டது.
ஸ்பீக்கர் பற்றரியில் வயரைக் கொழுவினோம்.
இப்போது சுற்றியது.
மூன்று வெறும் ஓட்டைகளும்
புஸ், புஸ், புஸ் என்று எங்களைப் பகிடி பண்ண,
அடைபட்ட ஒன்று மட்டும்
ஒவ்வொரு சுற்றிலும் மூச்சை இழுத்து,
இறுக்கி,
முட்டியது.
நிறுத்து. எண்ணெய். திரும்ப.
ஒரு மயிரளவு எழும்பியதா?
என் கண்ணை நான் நம்பவில்லை.
திரும்ப.

டொக்!

ஒட்டுசுட்டான் முழுக்கக் கேட்டது.
பற்றரி மாற்றிய பதற்றத்தில்
மைக்கை அவன் அணைக்கவில்லை.
இரவு ஒன்றரைக்குப் புனல் இரண்டும்
அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டுப் பக்கம் எறிய
நாய்கள் எழும்பின, மயில்கள் அலறின,
யாரோ ஒருத்தி லாம்பைக் கொளுத்தினாள்.
பின்னால் என் குரல், ஊருக்கெல்லாம் தெளிவாக:
"வந்திட்டுது சனியன்!"

இனித்தான் வேலை.
குழிக்குள் ஒட்டியிருந்த செப்பு வாசரை
வளைத்த சைக்கிள் கம்பியால் தூக்கினேன்.
ஒட்டுசுட்டானில் புது வாசருக்கு அந்த நேரம் எங்கே போக?
நாலையும் சிரட்டை நெருப்பில் சிவக்கக் காட்டித்
தண்ணீருக்குள் போட்டேன்.
சீறி, இளகி, வெட்கப்பட்டதுபோல் நிறம் மாறின.
சொர்ணலிங்கம் பின் சீற்றில் மாலைகளுக்கு நடுவே
வாய் திறந்து தூங்கினான்.

ஐந்தே முக்காலுக்கு எழுப்பினேன்.
"காசு திரும்பி வரேக்க, அக்கா."
அதை மாதிரி எத்தனை கேட்டிருப்பேன்.

ஆறரைக்குக் கராஜைக் கடந்து போனது கார்.
எட்டு மணிக்குத் திரும்பவும், எதிர்ப்பக்கமாக.
கிறீஸ் கையோடு றோட்டுக் கரையில் நின்றேன்.
அவன் பெயர் சொன்னான், ஊர் சொன்னான்,
யாருக்குத் தகப்பன், யாருக்கு மாமன் என்றெல்லாம் சொன்னான்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு,
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு,
மூன்று ஒரு தரமும் பிந்தவில்லை.

செத்தவரின் பெயர்தான்
சரியாக விளங்கவில்லை.