சாய்வு

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம்.
கறுப்பு. ஒரு திருகு, ஒரு விசை,
பச்சையாய் ஒரு பொட்டு விளக்கு.
"மூணு நாள் வச்சுப் பாரு கப்ரியேலு" என்றான் இபுறாம்சா,
கீழக்கரையில், செல்போன் உறைகள் தொங்கும் கடைக்குள்ளிருந்து.
"பிடிச்சா நாலாயிரத்து எட்டுநூறு.
உப்புத்தண்ணி பட்டா
பிடிக்காட்டியும் நாலாயிரத்து எட்டுநூறு."

மச்சான் தோஹாவிலிருந்து கொடுத்தனுப்பிய ஹெட்போன்
ஒரு வருடமாய்த் தலைமாட்டில் கிடந்தது.
முந்நூறு ஓம்.
மணலில் தட்டிய வல்லத்தை
ஒற்றை ஆள் தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல
என் போன் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு
மூச்சு வாங்கும்.
இந்தப் பெட்டி இன்னும் நாலு பேரைக் கூட்டிவரும் என்றான்.

வந்தார்கள்.
பேருந்து திருப்புல்லாணி தாண்டுவதற்குள்
தவில்காரர் வாரை இழுத்துக் கட்டுவது கேட்டது.
நூறு முறை கேட்ட கச்சேரிதான்.
நாயனக்காரர் மூச்சைத் திருடும் இடம் கேட்டது.
கூட்டத்தில் ஒருத்தி பிள்ளையை அதட்டுகிறாள்,
அவன் எதையோ கீழே போடுகிறான்,
எவர்சில்வர்.
டிக்கெட் டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டிருக்க வேண்டும்.
தோளில் தட்டியபோது
ஆலாபனை முடியட்டும் என்று கைகாட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள், மண்டபத்தில் சாயாக் கடை.
பாட்டுக்குள் டிர்ரிட் டிர்ரிட் என்று ஒரு வண்டு புகுந்தது.
போன் கோபுரம் தேடுகிறது.
தேடிப்போய் அக்கரையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
இலங்கை தங்களை வரவேற்கிறது என்றது.
நான் இன்னும் சாயாவுக்கே காசு கொடுக்கவில்லை.

ராத்திரி, கம்பெனியில் நண்டு எடை எழுதி முடித்து
பாலம் தொடங்குகிற முனைக்குப் போனேன்.
கிழக்கு பார்த்து உட்கார்ந்தால்
இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல்.
நல்ல பெட்டியா என்பது சத்தத்தைக் கூட்டினால் தெரியாது,
குறைத்தால் தெரியும்.
குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
வலப்பக்கம் முதலில் அணைந்தது.
இடப்பக்கம் மட்டும் ஒரு நூலாய் நாயனம்.

உடனே போன் போட்டேன்.
"சாய்வு இருக்குடா, இடப்பக்கமா."
"சின்னப் பெட்டில திருகு கடைசில அப்படித்தான்.
முந்நூறு கழிச்சுக்க."

முந்நூறு ரூபாய் சந்தோஷத்தில்
சும்மா, ஒரு விளையாட்டுக்கு,
ஹெட்போனை இடம் வலமாய் மாற்றி மாட்டினேன்.
பெட்டியில் பழுதென்றால்
இப்போது இடது காதில் அணைய வேண்டும்.

வலதுதான் அணைந்தது.

மறுபடி மாற்றினேன். மறுபடி.
கழற்றி மடியில் வைத்தேன்.
கச்சான் அடிக்கிற மாதம்.
தெற்கே அலை நுரைத்து உடைவது இருட்டிலும் தெரிகிறது.
கண் பார்த்த அளவுக்குக் காதில் இல்லை.
எழுந்து, மேற்கு பார்த்து உட்கார்ந்தேன்.
ஆண் கடல் இடப்பக்கம் வந்தது.
அப்பா,
எவ்வளவு கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஐஸ் கம்பெனியில் ஆறு வருடம்
அரவை மிஷின் எனக்கு வலப்பக்கம் நின்றது.
ஒரு பார் விழுந்தால் ஒரு இடி,
ஒரு நாளைக்கு இருநூறு பார்.

ரெக்சலின் எப்போதும்
என் இடப்பக்கம் வந்துதான் நடப்பாள்.
மாதா கோயிலுக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு.
நிழல் பார்த்து நடக்கிறாள் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ராத்திரியிலும்.

மூன்றாம் நாள் கண்ணாடி மேசைமேல்
நாலாயிரத்து எட்டுநூறை எண்ணி வைத்தேன்.
அவன் முந்நூறைத் தனியே பிரித்து நீட்டினான்.
"வேணாம். பெட்டி சரியாத்தான் இருக்கு."
பில் எழுதிக்கொண்டே ஏதோ சொன்னான்,
வலப்பக்கமிருந்து.
முழுசாய்த் திரும்பி நின்றேன்.
"உறை ஒண்ணு போடவான்னு கேட்டேன்.
உப்புக் காத்துல்ல.
நாப்பது ரூவா."