கடைமடைக் கணக்கு

புதிதில் இருநூற்றைம்பது ஓடியதாம்.
மன்னார்குடி புறவழிச்சாலையில்
பானெட்டைத் துடைத்தபடி சொல்கிறார் ஜெகபர்.
டயரை உதைத்துப் பார்க்கலாம்.
பேட்டரியை எங்கே உதைப்பது?

மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று
கடைமடையில் யாரும் குதிப்பதில்லை, அண்ணே.
எங்கள் மதகுக்கு எவ்வளவு வரும்?

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
ஏசி போட்டால் நூற்றிமுப்பது.
மழையென்றால் இன்னும் குறையும்.

முத்துப்பேட்டையிலிருந்து திருவாரூர் ஆய்வகம்
போய்வர நூற்றுப்பத்து.
மீதி இருபதில்
ரயில்வே கேட், அக்கா மகனின் டியூஷன்,
எப்போதாவது ஒரு புயல்.

நாலு லட்சத்தில் பத்தாயிரம் குறைத்தார்.

சாவி வாங்கும்போது எண்பத்தொன்று சதவீதம்.
வாசலில் நிறுத்தும்போது ஐம்பத்து நான்கு.
உடனே இறங்கவில்லை.
தண்ணீர் வந்துசேர்ந்த அன்று
வாய்க்காலை இப்படித்தான்
சும்மா பார்த்துக்கொண்டிருப்போம்.