வெற்று எடை

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் நான்.
குலையோடு லாரி ஏறும். எழுதுவேன்.
கொட்டிவிட்டுக் காலியாய் ஏறும். அதையும் எழுதுவேன்.
இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான் காசு.

பதினொரு வருடத்தில் ஒன்று புரிந்தது.
நிறைந்த லாரி எதையும் சொல்லாது.
மண், மழை, காம்பு, பழம்
எல்லாம் ஒரே எண்ணாய் ஒளிந்து நிற்கும்.
காலியாய் ஏறும்போதுதான்
தான் யாரென்று ஒப்புக்கொள்ளும்.

நோன்பைப் பற்றிக் கேட்டால்
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஸஹருக்கு மூன்று கவளம், நேற்றைய மீன்குழம்பு,
சொம்பு நிறையத் தண்ணீர்.
பத்து மணிவரை நான் நல்லவள்.
பன்னிரண்டுக்கு ஆலையின் எண்ணெய் வாடைகூட
பலகாரமாய் மணக்கும்.
இரண்டுக்கு மேல், திருப்பித் தராத இடியாப்ப அச்சுக்காக
நாத்தனாரோடு மனதுக்குள் தினமும் போடும் சண்டை
பாதியில் நின்றுவிடும்.
அதைத் தூக்கத் தெம்பில்லை.
பிறகு பார்த்தால், தூக்க வேண்டிய தேவையும் இல்லை.

லுஹருக்கு ஒளு செய்கிறேன்.
வாய் நிறையத் தண்ணீர். பக்கத்தில் யாருமில்லை.
ஒரு மிடறு உள்ளே போனால்
இந்தச் சுவருக்குக்கூடத் தெரியாது.
தொழுதால் வரிசை பார்க்கும்,
கொடுத்தால் வாங்கிய கை அறியும்.
இதற்கு என் தொண்டையும் அவனும் மட்டும்.
துப்பினேன்.

பத்தொன்பதாம் நோன்பு. தங்கையாவின் லாரி.
இருக்கைக்குப் பின்னால் நீல டிரம்.
நிறை எடை முடிந்ததும்
கொட்டுமேட்டு மறைவில் மூடியைத் திறப்பான்.
இருநூறு லிட்டர் தண்ணீர்
சீட்டில் இருநூறு கிலோ பழமாகிவிடும்.
எனக்குத் தெரியும்.
தெரியாமல் இருக்க, லாரிக்குப் பத்து ரிங்கிட்.

அன்று அது ஓடுவதைப் பார்த்தேன்.
வெயிலில் மின்னிக்கொண்டு, செம்மண்ணில் குதித்து,
சாக்கடைவரை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.
இத்தனை நாள் எனக்கு அது ஓர் எண்.
அன்றுதான் தண்ணீராகத் தெரிந்தது.

சீட்டுக்கு அடியில் மடித்த பத்தை நீட்டினான்.
“நோன்பு, தங்கையா.”
“தெரியும்க்கா. காசு என்ன சாப்பாடா?
வாங்கினா முறிஞ்சிடுமா?”
கேலியில்லை. நிஜமாகவே கேட்டான்.

ஆலிம் யாராவது இருந்தால் பதில் சொல்லியிருப்பார்.
எனக்கு உதடு பிரியவில்லை.
கொஞ்சம் கழித்துச் சொன்னேன்:
“டிரம்மை நிரப்பிக்கிட்டு வா. அப்புறம் ஏத்து.”

கழுவுமிடத்துக் குழாயில் அவன் நிரப்பினான்.
இருபது நிமிடம்.
பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.
நான் குழாய்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு சொட்டாய்.

அஸருக்குப் பின் சூராவ் வாசலில் கஞ்சி வரிசை.
தூக்குவாளியோடு அவனும் நின்றான்,
பிள்ளைகளுக்கு, வருடா வருடம் போல.
என்னைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பினான்.
அண்டாக்காரர் அவனுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றினார்.
அதை யாரும் எடை போடவில்லை.

பெரிதாய் ஒன்றும் செய்துவிடவில்லை.
பழைய பத்துகளில் வாங்கிய தையல் மெஷின்
வீட்டில்தான் இருக்கிறது.
பெருநாள் துணியை அதில்தான் தைக்கிறேன்.
இன்னும் பத்து நாளோ பதினொன்றோ.
அதன்பின் மறுபடி நிறைந்துவிடுவேன்.
ஷவ்வாலில் இந்தக் கை என்ன செய்யும்?
தெரியாது. கேட்டு வைத்திருக்கிறேன்.

பாங்கு கேட்டது.
பேரீச்சை. பிறகு தண்ணீர்.
முதல் மிடறு இறங்கியது.
அது போன வழி முழுக்க
எனக்குத் தெரிந்தது.